‘கினோ நானி தபெத்தா?’ தொடர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எதைப் பற்றிய தொடர்?

டோக்கியோவில் ஒரே வீட்டில் காதல் இணையாகச் சேர்ந்து வாழும் இரண்டு நடுவயது ஆண்களின் அன்றாட வாழ்க்கையைப் பற்றியது. ஷிரோ காக்கெய் வழக்கறிஞர், சிக்கனக்காரர், மாலையில் வேலை முடிந்ததும் அலுவலகத்தில் ஒரு நிமிடம்கூடக் கூடுதலாகத் தங்காமல் காய்கறிக் கடைக்கு விரைபவர். கென்ஜி யபுகி முடிதிருத்தும் நிலையத்தில் வேலை செய்பவர், கலகலப்பானவர், மனத்தில் பட்டதை மறைக்கத் தெரியாதவர். ஷிரோ சமைக்கிறார், கென்ஜி வந்து சேர்கிறார், இருவரும் மேசைக்கு எதிரெதிரே அமர்ந்து சாப்பிடுகிறார்கள். பெரும்பாலான எபிசோடுகளின் எலும்புக்கூடு இவ்வளவுதான். ‘நேற்று என்ன சாப்பிட்டாய்?’ என்ற பொருள் தரும் தலைப்பும் அதற்கு மேல் எதையும் வாக்களிப்பதில்லை.

எத்தனை பகுதிகள் உள்ளன, எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

முதல் சீசன் 2019 ஏப்ரல் முதல் ஜூன் வரை டிவி டோக்கியோவில், வெள்ளி இரவு பன்னிரண்டு மணி தாண்டியபின் வரும் நாடக நேரத்தில், 12 எபிசோடுகளாக ஒளிபரப்பானது. 2020 புத்தாண்டு நாளன்று ஒரு சிறப்புப் பகுதியும், 2021 நவம்பரில் திரைப்படமும் வந்தன. இரண்டாம் சீசன் 2023 அக்டோபர் முதல் டிசம்பர் வரை மறுபடியும் 12 எபிசோடுகளாக வந்தது. வெளிவந்த வரிசையிலேயே பார்ப்பது நல்லது. திரைப்படத்தைத் தனிக் கதை என்று எண்ணி விட்டுவிடுபவர்கள் உண்டு. அப்படி விட்டால், முதல் சீசனின் முடிவில் ஷிரோவின் பெற்றோர் வீட்டில் நடந்ததற்கு என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

மூலக்கதை யாருடையது?

ஃபூமி யொஷினாகா வரைந்து எழுதும் மாங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை. கோதான்ஷா நிறுவனத்தின் ‘மார்னிங்’ வார இதழில் 2007 முதல் வந்துகொண்டிருக்கிறது. ‘மார்னிங்’ வயதுவந்த ஆண்களை முதன்மை வாசகராகக் கொண்ட பொது இதழ். ஆண்களுக்கிடையிலான காதலைப் பெண் வாசகர்களுக்காகச் சொல்லும் தனி வகை ஜப்பானில் 1970களிலிருந்தே செழித்து வளர்ந்திருக்கிறது. யொஷினாகாவும் அந்த வகையில் நிறைய எழுதியவர்தான். ஆனால் இந்தக் கதையை அவர் அந்த வட்டத்துக்கு வெளியே, ரயிலில் வேலைக்குப் போகும் சாதாரண வாசகரின் கையில் கொண்டுபோய் வைத்தார். பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது சட்டம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கதையில் வரும் வழக்குகளிலும் வாரிசுரிமைப் பேச்சுகளிலும் அந்தப் படிப்பின் தடம் தெரிகிறது.

மாங்காவின் இன்னொரு சிறப்பு, பாத்திரங்களுக்கு வாசகரோடு சேர்ந்தே வயது ஏறுவது. தொடக்கத்தில் 43 வயதாக இருந்த ஷிரோ, ஆண்டுகள் கடக்கக் கடக்க ஐம்பதைத் தாண்டிச் செல்கிறார். தொலைக்காட்சித் தொடரும் இதைக் கைவிடவில்லை. கண் மங்குவது, பெற்றோர் தளர்வது, எண்ணெய்ப் பலகாரம் ஒத்துக்கொள்ளாமல் போவது எல்லாம் இங்கே கதைப்பொருள்தான்.

காதல் தொடர் என்கிறார்கள், ஆனால் காதல் காட்சியே இல்லையே?

முதல் இரண்டு எபிசோடுகளைப் பார்த்துவிட்டுப் பலரும் கேட்கும் கேள்வி இது. நெருக்கக் காட்சிகள் மிகமிகக் குறைவு. காதலைச் சொல்லும் காட்சியைத் தேடினாலும் கிடைக்காது, ஏனெனில் கதை தொடங்கும்போதே இருவரும் சேர்ந்து வாழ்கிறார்கள். சேர்வார்களா என்ற கேள்வி கதைக்கு வெளியே போய்விடுவதால், அதன் இடத்தில் வேறொரு கேள்வி வந்து உட்கார்கிறது: கென்ஜியின் துணைவராகத் தம்மை வெளியே காட்டிக்கொள்ள ஷிரோ எவ்வளவு தூரம் துணிவார்? தொடர் முழுவதையும் இழுத்துச் செல்வது இந்தக் கேள்விதான் என்பது என் எண்ணம். சமையல் அதற்குப் பக்கவாத்தியமாக நிற்கவில்லை. வெளியில் சொல்லத் தயங்குவதை எல்லாம் ஷிரோ அடுப்படியில்தான் சொல்கிறார்.

முதல் எபிசோடிலேயே இது தெளிவாகிவிடுகிறது. தம்முடன் வாழ்பவர் ஒரு வழக்கறிஞர் என்று கென்ஜி வேலையிடத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அலுவலகத்தில் எவருக்கும் தம்மைப் பற்றித் தெரியக்கூடாது என்று கவனமாக வாழும் ஷிரோவுக்கு அது தெரியவர, கடுமையாகக் கோபித்துக்கொள்கிறார். மற்றவர்கள் எல்லாரும் மனைவியைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் இயல்பாகப் பேசும் இடத்தில், நான் மட்டும் என்னோடு வாழ்பவரைப் பற்றி ஏன் பேசக்கூடாது என்று கென்ஜி கண்ணீரோடு கேட்கிறார். ஷிரோவிடம் அதற்குப் பதில் இல்லை. கென்ஜி கேட்டது நியாயம். ஷிரோவின் அச்சத்துக்கும் காரணம் இருக்கிறது. இருவரில் ஒருவரைக் குற்றவாளி ஆக்காமல் இரண்டையும் அப்படியே நிறுத்தி வைப்பதில் எழுத்தாளர் நவோக்கோ அதாச்சியின் திரைக்கதைக்குப் பெரும் பங்கு உண்டு.

சமையலுக்கு ஏன் இவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள்?

ஷிரோவுக்கு மாதச் சாப்பாட்டுச் செலவு 25,000 யென்னைத் தாண்டக்கூடாது. இரண்டு பேருக்கு டோக்கியோவில் இது கறாரான கணக்கு. ஆகவே எந்தக் கடையில் எது மலிவு, மீதமிருக்கும் அரைக் கட்டுக் கீரையை நாளை எதில் சேர்ப்பது, எந்தக் காயை முதலில் நறுக்கினால் எல்லாப் பதார்த்தமும் ஒரே நேரத்தில் சூடாக மேசைக்கு வரும் என்ற கணக்குகள் அவர் மனக்குரலாக நமக்குக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. சால்மன் மீனும் புர்டாக் கிழங்கும் மைதாக்கே காளானும் சேர்த்து வடித்த சோறு, பக்கத்தில் ஒரு கீரைப் பதார்த்தம், ஒரு சூப் என்று முதல் எபிசோடிலேயே முழு இரவுச் சாப்பாடு தயாராகிவிடுகிறது. விலை உயர்ந்த பொருளோ அரிய நுட்பமோ கிடையாது. புட்டியில் விற்கும் தயார்நிலைச் சாறுகளை ஷிரோ வெட்கப்படாமல் பயன்படுத்துகிறார். பார்த்தவர்கள் அடுத்த நாளே செய்து பார்க்கக்கூடிய சமையல் என்பதால்தான் ஜப்பானில் இது வீட்டுச் சமையல் தொடராகவும் வரவேற்பைப் பெற்றது.

விலைவாசி ஏறியதை இரண்டாம் சீசன் மறைக்கவில்லை. 25,000 யென் இனிக் கட்டுப்படியாகாது என்று முடிவாகி, வரம்பு 30,000 யென்னுக்கு உயர்கிறது. காதல் தொடர் ஒன்றில் பணவீக்கம் ஒரு திருப்புமுனையாக வருவது வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஆனால் வீட்டுக் கணக்கு எழுதியவர்கள் எவருக்கும் அந்தக் காட்சியின் கனம் தெரியும்.

சைவம் சாப்பிடுபவர்கள் இதிலிருந்து எதையாவது சமைக்க முடியுமா?

ஓரளவு முடியும். காய்கறிப் பதார்த்தங்கள் நிறையவே வருகின்றன. ஆனால் காய்கறிக் குழம்பிலும் சூப்பிலும்கூட அடிநாதமாக இருப்பது பெரும்பாலும் உலர்ந்த பொனிட்டோ மீனில் இறக்கிய தாஷிச் சாறு. அதற்குப் பதிலாகக் கொம்பு என்னும் கடற்பாசியிலும் உலர்ந்த ஷிதாக்கே காளானிலும் சாறு இறக்கலாம். ஜப்பானிய மடாலயச் சமையலில் அதுவே வழக்கம்.

நடிகர்கள் யார்?

ஷிரோவாக ஹிதெதோஷி நிஷிஜிமா, கென்ஜியாக செய்யோ உச்சினோ. இருவருமே ஜப்பானில் மிடுக்கான ஆண் வேடங்களுக்குப் பெயர் பெற்றவர்கள். நிஷிஜிமா காவல்துறை நாடகங்களில் நடித்தவர். ‘டிரைவ் மை கார்’ திரைப்படத்தின் நாயகனாக 2021க்குப் பின் உலகம் முழுவதும் அறியப்பட்டவர். உச்சினோ 2007இல் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் வரலாற்றுப் பெருந்தொடரில் போர்த் தந்திரி யமமொதோ கன்சுகேயாக வந்தவர். அப்படிப்பட்டவர் கென்ஜியாக வரும்போது தோள், மணிக்கட்டு, குரல் எல்லாம் வேறாகிவிடுகின்றன. ஒரு வாய்ச் சோற்றை விழுங்கிவிட்டு அவர் முகம் மலர்வதைப் பார்ப்பதற்காகவே எபிசோடின் கடைசி ஐந்து நிமிடத்துக்குக் காத்திருப்பவர்கள் உண்டு.

ஷிரோவின் அம்மாவாக மெய்கோ காஜி. 1970களில் பழிவாங்கும் நாயகியாக ஜப்பானியத் திரையை ஆட்டிவைத்தவர், இங்கே தொலைபேசியில் மகனை விடாமல் அழைத்துத் தொல்லை செய்யும் தாய். இந்தத் தேர்வைச் செய்தவரைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

அந்த அம்மா மகனை ஏற்றுக்கொண்டவரா, இல்லையா?

தொடரிலேயே மிக நுட்பமாக எழுதப்பட்ட பகுதி இதுதான். அவருக்கு மகனைப் பற்றித் தெரியும். அது வெட்கப்படத் தக்கதல்ல என்று அவரே உரத்துச் சொல்கிறார். வேலையிடத்தில் ஏன் வெளிப்படையாக இருக்கவில்லை என்று மகனைக் கடிந்துகொள்ளவும் செய்கிறார். நீ தன்பாலீர்ப்பாளனாக இருந்தாலும் குற்றவாளியாகவே இருந்தாலும் உன்னை ஏற்றுக்கொள்ள நான் தயார் என்று உணர்ச்சிவசப்பட்டுக் கூறுகிறார். தம்மையும் குற்றவாளியையும் தாய் ஒரே தட்டில் வைத்துவிட்டார் என்பது ஷிரோவுக்கு உறைக்கிறது. ஆனால் வயதான தாயிடம் அதை எடுத்துச் சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிடுகிறார். அன்பும் அறியாமையும் ஒரே வாக்கியத்தில் வருவது எப்படி இருக்கும் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டுவது கடினம்.

முதல் சீசனின் இறுதியில் ஷிரோ புத்தாண்டுக்குக் கென்ஜியைப் பெற்றோர் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறார். எல்லாரும் மரியாதையாக நடந்துகொள்கிறார்கள், சாப்பாடு பரிமாறப்படுகிறது, பெரிதாக எதுவும் நடக்கவில்லை. திரும்பி வரும் வழியில், காதலரின் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும் நாள் தமக்கு வரும் என்று நினைத்ததே இல்லை, இப்போதே செத்தாலும் பரவாயில்லை என்று கென்ஜி கண் கலங்குகிறார். அப்படியெல்லாம் பேசக்கூடாது என்று அதட்டும் ஷிரோ, எண்ணெயையும் சர்க்கரையையும் குறைத்துக்கொண்டு, உப்புக் காரம் மட்டாகப் போட்டு, அரைவயிற்றைச் சற்றுத் தாண்டிய அளவில் நிறுத்திக்கொண்டு, நாம் இருவரும் நெடுநாள் வாழ்வோம் என்கிறார். ஷிரோவின் வாயிலிருந்து வரும் காதல் வாக்கு இதுதான். தொடரில் இதற்கு இணையான இன்னொன்று இல்லை.

ஆனால் திரைப்படம் இந்த மகிழ்ச்சிக்கு அடியில் இருந்ததைத் திறந்து காட்டுகிறது. ஷிரோ கென்ஜியைக் கியோத்தோவுக்குப் பயணம் அழைத்துச் செல்கிறார். வழக்கத்துக்கு மாறான இந்தத் தாராளம் கென்ஜிக்கு மகிழ்ச்சியைவிட அச்சத்தையே கூட்டுகிறது. உண்மை என்னவென்றால், அந்த வருகைக்குப் பின் ஷிரோவின் அம்மா மனம் உடைந்துபோயிருக்கிறார். அடுத்த புத்தாண்டுக்குக் கென்ஜி வர வேண்டாம் என்ற செய்தியை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் ஷிரோ அந்தப் பயணத்தையே ஏற்பாடு செய்திருக்கிறார். கொள்கையளவில் ஏற்றுக்கொண்ட தாய், மகனின் துணைவரை நேரில் கண்டதும் தாங்க முடியாமல் போனார். இதைத் தாயின் கொடுமையாகத் தொடர் சித்தரிக்கவில்லை, மன்னித்தும் விடவில்லை.

தத்தெடுப்பு பற்றி வரும் பகுதி புரியவில்லை. ஒருவர் தம் காதலரையே ஏன் மகனாகத் தத்தெடுக்க விரும்புகிறார்?

முதல் சீசனில், இவர்களைவிட மூத்த ஆண் இணை ஒன்று விருந்துக்கு வருகிறது. அவர்களில் வசதி படைத்தவரான தெத்சு, தம் துணைவரைச் சட்டப்படி தத்தெடுக்க வேண்டும் என்று ஷிரோவிடம் ஆலோசனை கேட்கிறார். தாம் உழைத்துச் சேர்த்ததில் ஊரிலிருக்கும் பெற்றோருக்கு ஒரு காசுகூடப் போகக்கூடாது என்பது அவர் பிடிவாதம்.

உயில் எழுதிவிட்டால் போதாதா என்று தோன்றலாம். ஜப்பானியக் குடிமைச் சட்டத்தில் நெருங்கிய வாரிசுகளுக்கு என்று ஒரு குறைந்தபட்சப் பங்கு ஒதுக்கப்பட்டுள்ளது. பிள்ளையோ மணமான துணையோ இல்லாமல் ஒருவர் இறந்து, பெற்றோர் மட்டும் வாரிசாக இருந்தால், உயிலில் என்ன எழுதியிருந்தாலும் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மதிப்பை அவர்கள் கேட்டுப் பெற முடியும். ஆனால் இறந்தவருக்குப் பிள்ளை இருந்தால், அது தத்துப்பிள்ளையாக இருந்தாலும், பெற்றோர் வாரிசு வரிசையிலேயே வரமாட்டார்கள். வயதுவந்தவரைத் தத்தெடுப்பது ஜப்பானில் நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளது. குடும்பத் தொழிலுக்கு வாரிசு வேண்டி மருமகனைத் தத்தெடுப்பது அங்கே சாதாரணம். தத்தெடுப்பவரைவிடத் தத்துப்போகிறவர் மூத்தவராக இருக்கக்கூடாது என்பது முக்கிய நிபந்தனை. ஆகவே மணம் செய்துகொள்ள வழியில்லாத ஒருபால் இணைகள் பலரும் இந்தப் பக்கவழியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. தத்து உறவில் பெற்றோராகவும் பிள்ளையாகவும் இருந்தவர்கள், அந்த உறவு முறிந்த பிறகும் ஒருவரையொருவர் மணக்கக்கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. நாளை ஒருபால் திருமணம் சட்டமானால், இன்று தத்தெடுத்தவர்களின் கதி என்ன என்பது உண்மையான சட்டக் கேள்வி.

ஜப்பானில் இப்போது சட்ட நிலை என்ன?

நாடு தழுவிய ஒருபால் திருமணச் சட்டம் இல்லை. 2015இல் டோக்கியோவின் ஷிபுயா, செத்தகாயா வட்டங்கள் இணை உறவைப் பதிவு செய்யும் முறையைத் தொடங்கின. பல நகரங்கள் தொடர்ந்தன. டோக்கியோ மாநகரம் முழுவதற்குமான முறை 2022 நவம்பரில் வந்தது. நகராட்சிக் குடியிருப்பு, மருத்துவமனை போன்ற இடங்களில் இந்தச் சான்று உதவும், வாரிசுரிமை தராது.

2019 பிப்ரவரி 14 அன்று, அதாவது தொடர் ஒளிபரப்பாவதற்கு இரண்டே மாதங்களுக்கு முன், 13 இணைகள் திருமண உரிமை கேட்டு நாட்டின் பல நகரங்களில் வழக்குத் தொடுத்தன. 2021 மார்ச்சில் சப்போரோ மாவட்ட நீதிமன்றம், திருமணத்தை மறுப்பது அரசியலமைப்பின் சமத்துவப் பிரிவுக்கு முரண் என்றது. 2024 மார்ச்சில் சப்போரோ உயர் நீதிமன்றமும் மறுப்பு அரசியலமைப்புக்கு முரண் என்றே தீர்ப்பளித்தது. இந்த வழக்குகளின் சுவடே தொடரில் தென்படவில்லை. வழக்கறிஞரான ஷிரோவும் போராட்டக்காரர் அல்லர், கேட்டால் நழுவிவிடுவார். இதைத் தொடரின் குறை என்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. மீதிப் பாதியில், கொடி பிடிக்காத ஒரு மனிதரின் வாழ்க்கையிலும் சட்டத்தின் ஓட்டை எங்கெங்கே கடிக்கிறது என்று தத்தெடுப்புப் பகுதி காட்டிவிடுகிறது என்பேன்.

துணைப் பாத்திரங்களில் கவனிக்க வேண்டியவர்கள் யார்?

கயோகோ அம்மையார். ஒரு முழுத் தர்பூசணி மலிவு விலையில் கிடக்கிறது. இரண்டு பேர் வீட்டில் அதைத் தின்று தீர்க்க முடியாது என்று ஷிரோ தயங்கி நிற்கிறார். பக்கத்தில் அதே தயக்கத்தோடு நிற்கும் கயோகோ, பாதி பாதி எடுத்துக்கொள்ளலாமா என்கிறார். பழத்தை வெட்டுவதற்கு வீட்டுக்குள் அழைத்த பிறகுதான், முன்பின் தெரியாத ஆணைத் தனியாக உள்ளே விட்டுவிட்டோமே என்று அவருக்கு உதறல் எடுக்கிறது. அவரை அமைதிப்படுத்த ஷிரோவுக்கு வேறு வழியில்லை. அலுவலகத்தில் ஆண்டுக்கணக்கில் பொத்திக் காத்த உண்மையை முன்னறிமுகமற்ற ஒரு பெண்மணியின் வீட்டில் போட்டு உடைத்துவிடுகிறார். அன்று முதல் கயோகோவின் குடும்பம் அவருக்கு நெருக்கமாகிறது. மிசாக்கோ தனாக்கா இந்த வேடத்தில் வெகு இயல்பு.

அடுத்து தைசாக்கு கொஹினாதாவும் அவருடைய காதலர் வத்தாருவும். தைசாக்கு தம் காதலரைக் ‘கில்பர்ட்’ என்று உருகி உருகி வர்ணிக்கிறார். 1970களின் புகழ்பெற்ற மாங்கா ஒன்றில் வரும் பேரழகுச் சிறுவனின் பெயர் அது. நேரில் வந்து நிற்பவரோ தாடி மழிக்காத, கலைந்த தலையும் கசங்கிய சட்டையுமான, எடுத்தெறிந்து பேசும் ஆள். கோஜி யமமொதோவும் ஹயாத்தோ இசோமுராவும் வரும் இடமெல்லாம் சிரிப்புத்தான். ஆனால் ஷிரோ மழுப்பும் விஷயங்களை முகத்துக்கு நேராகக் கேட்பவரும் இந்த வத்தாருவே.

தொடரில் குறையே இல்லையா?

உண்டு. கென்ஜியின் நளினம் சில இடங்களில் நகைச்சுவைக்காக ஒரு பிடி கூடுதலாகிவிடுகிறது. ஷிரோவின் அலுவலக வழக்குகள் சில எபிசோடுகளில் வெறும் இட்டுநிரப்பல். இரண்டாம் சீசனில் வேகம் இன்னும் தணிகிறது. அது சிலருக்கு அலுப்பூட்டும். அரை மணி நேரத்தில் ஒரு திருப்பமாவது வேண்டும் என்பவர்களுக்கு இது ஏற்ற தொடர் அன்று.

ஒரே ஒரு காட்சியைப் பார்த்து முடிவு செய்ய விரும்பினால் எதைப் பார்ப்பது?

ஷிரோ பெற்றோர் வீட்டுக்குப் போயிருக்க, கென்ஜி வீட்டில் தனியாக உடனடி மிசோ ராமென் செய்து சாப்பிடும் காட்சி. காய்கறிகளும் முட்டையும் சேர்த்து, ஷிரோவின் சிக்கனக் கண் இல்லாத சுதந்திரத்தோடு ஆர்வமாகத்தான் சமைக்கிறார். ருசித்தும் சாப்பிடுகிறார். சோக இசை கிடையாது. ஆனாலும் பண்டிகை நாளில் குடும்பம் என்று போக இடமுள்ளவர் ஒருவர், இல்லாதவர் ஒருவர் என்ற வேறுபாடு அந்த ஒரு கிண்ணத்தில் தெரிந்துவிடுகிறது. இது பிடித்தால் தொடர் முழுவதும் பிடிக்கும்.

பார்த்து முடித்த பின் இதே போக்கில் வேறு என்ன பார்க்கலாம்?

இளமையும் படபடப்பும் வேண்டுமென்றால், அதே டிவி டோக்கியோ 2020 இறுதியில் 12 எபிசோடுகளாக ஒளிபரப்பிய ‘செர்ரி மேஜிக்’. தொட்டவரின் மனத்தைப் படிக்கும் ஆற்றல் திடீரென்று வாய்த்த முப்பது வயது அலுவலக ஊழியர், எல்லாரும் வியக்கும் சக ஊழியர் தம்மையே விரும்புகிறார் என்று அறிந்து திகைக்கும் கதை. எய்ஜி அகாசோவும் கெய்த்தா மச்சிதாவும் நடித்தது. கூச்சலும் கும்மாளமுமான நகைச்சுவை வேண்டுமென்றால் டிவி ஆசாஹியின் 2018ஆம் ஆண்டுத் தொடரான ‘ஒஸ்ஸான்ஸ் லவ்’. உணவும் உறவும் பின்னிய இந்தத் தொடரின் சுவைக்கே நெருங்கி வருவது, என்எச்கே 2022இலும் 2024இலும் ஒளிபரப்பிய, ஒரே குடியிருப்பில் வாழும் இரண்டு பெண்களின் கதையான ‘த்சுகுரிதாய் ஒன்னா தொ தபெதாய் ஒன்னா’: ஒருவருக்குச் சமைக்க ஆசை, மற்றவருக்கு வயிறாரச் சாப்பிட ஆசை. ஒவ்வொரு எபிசோடும் 15 நிமிடம்தான் என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்ளலாம்.